பழைய கோதிக் நாவல்களை இன்றைக்குப் படிக்க முடியுமா?

கேள்வி இதுதான்: “கோதிக் நாவலின் தொடக்கம் என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று ‘ஒட்ராண்டோ கோட்டை’யை எடுத்தேன். இரண்டாம் பக்கத்திலேயே ஒரு ராட்சதத் தலைக்கவசம் எங்கிருந்தோ வந்து விழுந்து கல்யாண மாப்பிள்ளை நசுங்கிச் சாகிறான். பயம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. மூடி வைத்துவிட்டேன். இந்த வகையின் ஆரம்பகால நாவல்களை இன்றைய வாசகர் உண்மையிலேயே ரசிக்க முடியுமா, இல்லை இலக்கிய வரலாற்றுக்காக மட்டும்தான் பெயர் சொல்லுகிறார்களா?”

பாழடைந்த கோட்டை, மர்மம், திகில் இவற்றை வைத்துப் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிளம்பிய நாவல் வகைதான் கோதிக். முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். சில நாவல்களை இன்றைக்கும் தூக்கம் கெடப் படிக்கலாம். சிலவற்றில் ஐம்பது பக்கம் அற்புதமாக இருக்கும், மீதி முந்நூறு பக்கத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சிலவற்றைத் தொடாமல் விட்டாலும் நஷ்டமில்லை. எது எந்தப் பக்கம் போகும் என்பதை நான் ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான் பார்க்கிறேன்: அந்தக் கதையில் பயம் எங்கே உட்கார்ந்திருக்கிறது? பேயிடம் மட்டும் இருந்தால் அந்த நாவல் பழசாகிவிட்டது. அந்த வீட்டின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதில் இருந்தால் இன்னும் உயிரோடு இருக்கிறது.

நீங்கள் மூடி வைத்த புத்தகத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். ஹொரஸ் வால்போல் அதை 1764 டிசம்பரில் வெளியிட்டார். பிரதமராக இருந்த ராபர்ட் வால்போலின் மகன். தானும் நாடாளுமன்ற உறுப்பினர். லண்டனுக்கு வெளியே ட்விக்கன்ஹாமில் ‘ஸ்ட்ராபெரி ஹில்’ என்ற தன் வீட்டைச் சின்னக் கோட்டை மாதிரியே கட்டிக்கொண்டவர். ஒரு நாள் கனவில் பழைய கோட்டை ஒன்றின் பெரிய மாடிப்படி, அதன் உச்சியில் கைப்பிடிச் சுவர்மேல் இரும்புக்கவசம் போட்ட ஒரு ராட்சதக் கை. அன்று மாலையே எழுத உட்கார்ந்து இரண்டு மாதத்துக்குள் முடித்தார். முதல் பதிப்பில் தன் பெயரைப் போடவில்லை. 1529-இல் நேப்பிள்ஸில் அச்சான பழைய இத்தாலியப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பு என்று சொல்லித்தான் விட்டார். அது விற்றுத் தீர்ந்ததும் 1765-இல் வந்த இரண்டாம் பதிப்பில் உண்மையை ஒப்புக்கொண்டு, தலைப்புக்குக் கீழே ‘ஒரு கோதிக் கதை’ என்று சேர்த்தார். இந்த வகைக்குப் பெயர் வந்தது அங்கேதான்.

அந்தத் தலைக்கவசத்தைப் பார்த்துச் சிரித்ததற்காக நீங்கள் சங்கடப்பட வேண்டாம். கிளாரா ரீவ் 1778-லேயே தன் ‘ஓல்டு இங்கிலிஷ் பாரன்’ (பாரன் என்றால் பிரபு) நாவலின் முன்னுரையில் இதைத்தான் சொன்னார்: இவ்வளவு பெரிய வாளும் கவசமும் வந்தால் மனம் நடுங்காது, சிரிப்புதான் வரும் என்று. அதாவது பதினான்கு வருடத்துக்குள்ளேயே அந்தக் குறை கண்ணில் பட்டுவிட்டது. இதைக் காலம் செய்த சேதம் என்று சொல்ல முடியாது. அது முதலிலிருந்தே அந்தப் புத்தகத்தில் இருந்த குறை.

ஆனால் நீங்கள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கலாம். மகன் செத்த அன்றைக்கே மாலையில் அப்பன் மான்ஃபிரெட் மருமகளாக வரவிருந்த இசபெல்லாவைக் கூப்பிட்டு, ‘நானே உன்னைக் கட்டிக்கொள்கிறேன்’ என்கிறான். அவன் மனைவி ஹிப்போலிடா அதே கோட்டையில் உயிரோடு இருக்கிறாள். இசபெல்லா தப்பித்து நிலவறைக்குள் ஓடுகிறாள். கையில் ஒரு விளக்கு. எங்கோ ஒரு கதவு துருப்பிடித்த கீலில் ஆடி முனகுகிற சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் நின்று கேட்கிறாள். திடீரென்று ஒரு காற்று, விளக்கு அணைந்துவிடுகிறது. இதற்குப் பிறகு வந்த எத்தனை நூறு கதைகளில், சினிமாக்களில் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறோம்! ஆங்கில நாவலில் அதன் ஊற்று இங்கேதான், அந்த இடம் இன்னும் வேலை செய்கிறது. அப்புறம் இன்னொன்று: கதை போகிற போக்கில் மான்ஃபிரெட்டும் இசபெல்லாவின் அப்பா ஃபிரெடரிக்கும் ஒரு பேரம் பேசுகிறார்கள். ‘உன் மகளை எனக்குக் கொடு, என் மகளை நீ எடுத்துக்கொள்.’ இரண்டு வயசாளிகள் உட்கார்ந்து பெண்களை மாற்றிக்கொள்கிறார்கள். தலைக்கவசத்தில் இல்லாத பயங்கரம் அந்தப் பேச்சில் இருக்கிறது.

படிக்கச் சிரமப்படுத்தும் இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். வால்போல் உரையாடலுக்கு மேற்கோள் குறி போடவில்லை, ஆள் மாறும்போது பத்தியும் பிரிக்கவில்லை. ஒரே பத்திக்குள் மூன்று பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். இன்றைய பதிப்புகள் பலவற்றிலும் அப்படியே விட்டிருக்கிறார்கள். பலர் கைவிடுவதற்குக் கதையைவிட இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் யார் பேசுவது என்று காது பிடித்துக்கொள்ளும். மொத்தமே நூறு பக்கம் சொச்சம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

சரி, இப்போது நான் மனதாரப் பரிந்துரைக்கிற எழுத்தாளருக்கு வருகிறேன்: ஆன் ராட்க்ளிஃப். 1764-இல் பிறந்தவர், அதாவது ‘ஒட்ராண்டோ’ வந்த அதே வருடம். 1789-இலிருந்து 1797 வரை ஐந்து நாவல்கள் வெளியிட்டார், அத்தோடு நிறுத்திக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 33-கூட முடியவில்லை. ‘உடால்ஃபோவின் மர்மங்கள்’ 1794-இல் வந்தது. அதற்கு 500 பவுன் வாங்கினார். அடுத்த ‘தி இத்தாலியன்’ நாவலுக்கு 800 பவுன். அந்தக் காலத்து நாவலாசிரியருக்கு இது மிகப் பெரிய தொகை. இத்தனைக்கும் இத்தாலியை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. பயண நூல்களையும் ஓவியங்களையும் வைத்தே அந்த மலைகளை எழுதினார்.

‘உடால்ஃபோ’வைப் பற்றி முதலில் எச்சரிக்கை. நான்கு பாகம். எமிலி என்ற பெண் கோட்டைக்குள் காலெடுத்து வைப்பதே இரண்டாம் பாகத்தில்தான். அதற்கு முன் பிரான்ஸின் தென்பகுதியில் மலை, மாலை வெயில், மேய்ப்பர், மறுபடி மலை. நடுநடுவே எமிலி கவிதை வேறு எழுதுவாள், முழுக் கவிதையும் அச்சில் இருக்கும். முதல் தடவை படித்தபோது நான் நூறு பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். சில வருடம் கழித்து மறுபடி எடுத்தபோதுதான் அந்த நூறு பக்கத்தில் என்ன நடக்கிறது என்று புரிந்தது. எமிலிக்கு அம்மா சாகிறாள். அப்பா பணத்தைப் போட்டு வைத்திருந்த ஆள் நொடித்துப்போகிறான். பயணத்தின் நடுவே அப்பாவும் சாகிறார். ஊர்பேர் தெரியாத இடத்தில் அவரை அடக்கம் செய்துவிட்டு, தன்னைப் பிடிக்காத அத்தையின் பொறுப்பில் போய்ச் சேருகிறாள். அந்த அத்தை மான்டோனி என்ற இத்தாலியனைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாள். இப்படி ஒவ்வொரு பிடியாக நழுவி, கடைசியில் அந்தப் பெண்ணுக்குப் போக்கிடமே இல்லை என்றான பிறகுதான் கோட்டை வருகிறது. அந்த நிதானம் காரணமில்லாமல் வந்ததல்ல. ஆனாலும் கவிதைகளைத் தாண்டிப் போங்கள், ஒன்றும் குறையாது.

கோட்டை வருகிற காட்சியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். அபென்னைன் மலையில் சாயங்காலம். பள்ளத்தாக்கில் இருட்டு ஏறிக்கொண்டிருக்கிறது. கோட்டைச் சுவரில் பட்டிருந்த வெயில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி ஏறி விலகுகிறது. கீழே சுவர் ஊதா நிறமாகிவிட்டது, உச்சிக் கொத்தளத்தில் மட்டும் இன்னும் பளபளப்பு. பிறகு அதுவும் போய்விடுகிறது. வண்டிக்குள் இருக்கிற பெண் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பேயும் இல்லை, ஓநாயும் இல்லை, வெளிச்சம் போவதை மட்டும்தான் எழுதியிருக்கிறார். வயிற்றில் ஏதோ இறங்குகிறது.

அப்புறம் அந்த அறை. எமிலிக்குக் கொடுத்த படுக்கையறையில் இரண்டாவதாக ஒரு கதவு இருக்கிறது. திறந்தால் இருட்டான ஒரு மாடிப்படி, எங்கே போகிறது என்று தெரியவில்லை. அந்தக் கதவைப் பூட்டப் பார்க்கிறாள். உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது. தாழ்ப்பாள் எல்லாம் வெளிப்பக்கம். அவளால் முடிந்தது ஒரு கனமான நாற்காலியை இழுத்து அண்டைக் கொடுப்பது மட்டும்தான். மறுநாள் பார்த்தால், ராத்திரி யாரோ வந்து அந்தக் கதவை வெளியிலிருந்து தாழிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இதை எழுதி இருநூற்று முப்பது வருடமாகிறது. விடுதியறையிலோ உறவினர் வீட்டிலோ தாழ்ப்பாள் சரியாக விழாத கதவைப் பார்த்துக்கொண்டு இரவு முழுவதும் படுத்திருந்த எந்தப் பெண்ணுக்கும் இந்தப் பக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கோட்டையில் மான்டோனிக்கு என்ன வேண்டும்? இங்கேதான் ராட்க்ளிஃப் மற்றவர்களிடமிருந்து தனியாக நிற்கிறார். அவனுக்கு வேண்டியது ஒரு கையெழுத்து. அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி கல்யாணமானால் பெண்ணின் உடைமை கணவன் கைக்குப் போய்விடும். தனியாக எழுதி வைத்துக்கொண்ட சொத்து மட்டும்தான் தப்பும். கல்யாணமான பெண்கள் தங்கள் சொத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளும் சட்டம் அங்கே 1870-லும் 1882-லும்தான் வந்தது. கதை 1584-இல் நடப்பதாக ராட்க்ளிஃப் சொன்னாலும், படித்த பெண்களுக்குத் தெரிந்தது தங்கள் காலத்துச் சட்டம்தான். அத்தை தன் பெயரில் தனியாக வைத்திருக்கும் நிலத்தை மான்டோனிக்கு எழுதித் தர மறுக்கிறாள். அவளைக் கோபுர அறையில் அடைத்துப் போடுகிறான். அங்கேயே அவள் காய்ச்சலில் சாகிறாள். சொத்து எமிலிக்கு வருகிறது. காகிதம் இப்போது எமிலி முன்னால்.

மூச்சுக்கு மூச்சு மயங்கி விழுகிற பெண் என்று எமிலியைக் கிண்டல் செய்வார்கள். மயங்கி விழுகிறாள்தான், பல இடத்தில். ஆனால் இந்த இடத்தில் அவள் மான்டோனியின் முகத்துக்கு நேராக, ‘இந்த விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாதவள் அல்ல நான், நிலம் எனக்குரியது, என் கையாலேயே என் உரிமையை விட்டுக்கொடுக்க மாட்டேன்’ என்ற பொருளில் பதில் சொல்கிறாள். கோட்டையின் உள்ளே ஆயுதத்தோடு ஆட்கள் திரிகிற நேரத்தில், துணைக்கு ஆளில்லாத பெண் இப்படிப் பேசுகிறாள். எனக்கு இந்த நாவல் பிடிபட்டது அந்த வாக்கியத்தில்தான். ‘இதில் ஒரு கையெழுத்துப் போடும்மா’ என்று பத்திரத்தை நீட்டுகிற சித்தப்பாவையோ அண்ணனையோ கண்டிராத குடும்பம் நம்மில் எத்தனை இருக்கும்?

இதன் குறையையும் மறைக்கக் கூடாது. ராட்க்ளிஃப் கதையில் வரும் அமானுஷ்யத்துக்கெல்லாம் கடைசியில் இயல்பான காரணம் சொல்லிவிடுவார். அது திருடனாக இருக்கும், காற்றாக இருக்கும், ஒளிந்திருந்த மனிதராக இருக்கும். கோட்டையில் கறுப்புத் திரை போட்ட ஒரு படச்சட்டம் தொங்கும். எமிலி திரையை விலக்கிப் பார்த்து மயங்கி விழுவாள். என்ன பார்த்தாள் என்பதை நூற்றுக்கணக்கான பக்கம் தள்ளி, நாவல் முடியப்போகும்போதுதான் சொல்வார். அது என்னவென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்ததும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் காலத்திலேயே இதைக் குறையாகச் சொல்லியிருக்கிறார்கள். என் கருத்து: திரைக்குப் பின்னால் இருந்ததற்கான விளக்கம் சப்பென்று போகிறது, ஆனால் கதவுக்குப் பின்னால் இருந்தவனுக்கான விளக்கம் அப்படிப் போவதில்லை. ஆள்தான் என்று தெரிந்தபின் பயம் அதிகம்தான் ஆகிறது.

அவருடைய ‘சிசிலியன் ரொமான்ஸ்’ (1790) இதை இன்னும் பச்சையாகச் செய்கிறது. ஒரு மாளிகையின் பாழடைந்த பகுதியில் இரவில் வெளிச்சம் தெரிகிறது, முனகல் கேட்கிறது. பேய் நடமாட்டம் என்று வீடே நம்புகிறது. உண்மை தெரியவரும்போது, அது பேயாகவே இருந்திருக்கலாமே என்று தோன்றும். சின்ன நாவல்தான். எழுத்தில் முதிர்ச்சி போதாது, ஆனால் அந்த ஒரு திருப்பத்துக்காக வைத்துக்கொள்ளலாம்.

‘தி இத்தாலியன்’ (1797) அவருடைய ஆகச் சிறந்தது என்பேன். உங்களைப் போலப் பாதியில் மூடி வைத்தவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது. நேப்பிள்ஸில் பெரிய இடத்துப் பையன் விவால்டி, தையல்வேலை செய்து பிழைக்கிற எலனாவை விரும்புகிறான். பையனின் அம்மாவுக்குக் குடும்ப கௌரவம். அவளுக்கு ஆலோசனை சொல்பவர் ஷெடோனி என்ற துறவி. இருவரும் ஒரு தேவாலயத்தில் மாலை வழிபாட்டு நேரத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்தப் பெண்ணைக் கொல்ல வேண்டும் என்று இரண்டு பேருமே முடிவெடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த வார்த்தையை யாரும் முதலில் சொல்வதில்லை. நீதி, தண்டனை, சட்டம் தொடாத குற்றம், குடும்பத்தின் பெயர் என்று சுற்றிச் சுற்றிப் பேசுகிறார்கள். ஒருவர் வாயிலிருந்து மற்றவர் அந்தச் சொல்லைப் பிடுங்கப் பார்க்கிறார். இடையில் பாவமன்னிப்புக் கூண்டின்மேல் எழுதியிருக்கிற எழுத்து அம்மாவின் கண்ணில் படுகிறது: ‘கடவுள் நீ பேசுவதைக் கேட்கிறார்.’ பிறகு யாருடைய சாவுக்கோ ஆர்கன் இசை எழுகிறது, அவள் கலங்கிப்போகிறாள். கலங்குகிறாளே தவிர மாறுவதில்லை. ஆணவக்கொலைச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், அது நடப்பதற்கு முந்தைய நாள் அந்த வீட்டுக் கூடத்தில் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசிப்பேன். இந்த அத்தியாயத்தைப் படித்த பிறகு அது கொஞ்சம் விளங்கியது. கொலை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதே நாவலில் இன்னொரு காட்சி. கடற்கரையில் தனியாக நிற்கும் வீடு, நடுராத்திரி. மாடியில் எலனா தூங்குகிறாள். கீழே ஷெடோனியும் கூலிக்கொலைகாரன் ஸ்பலாட்ரோவும். வழக்கமாகப் பயப்பட வேண்டியது பெண்தான். இங்கே நடுங்குகிறவன் கொலைகாரன். முன்பு செய்த கொலையின் நினைவில், நடையில் ஒரு கை தன்னைக் கூப்பிட்டதாகச் சொல்கிறான், ஓர் அடி எடுத்துவைக்க மாட்டேன் என்கிறான். ஷெடோனி அவனைத் திட்டுகிறார், கெஞ்சுகிறார், கோழை என்கிறார், கடைசியில் கத்தியைத் தானே வாங்கிக்கொண்டு படி ஏறுகிறார். ஏறும்போதுதான் தன் காலும் நகர மறுப்பது அவருக்குத் தெரிகிறது. பாவம் செய்யப்போகிறவனின் உள்ளே இவ்வளவு நேரம் நின்று பார்த்த எழுத்து அதற்கு முன் ஆங்கில உரைநடையில் அதிகமில்லை. மேலே போய் என்ன பார்க்கிறார் என்பதைப் புத்தகத்தில் பாருங்கள்.

பயத்தில் இரண்டு வகை உண்டு என்று ராட்க்ளிஃப் ஒரு கட்டுரையில் எழுதினார். அவர் இறந்த பிறகு 1826-இல் அச்சானது. ஒன்றைத் திகில் என்று வைத்துக்கொள்ளலாம், இன்னொன்றைக் கோரம் என்று. திகில் மனதை விரித்து எல்லாப் புலனையும் கூர்மையாக்கும். கோரம் மனதைச் சுருக்கி உறையவைத்துவிடும். முதலாவதுதான் தன் வழி என்பது அவர் எண்ணம். இரண்டாவது வழியில் போனவர் மாத்யூ லூயிஸ்.

லூயிஸ் ‘தி மாங்க்’ நாவலை நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருந்தபோது 19 வயதில் எழுதினார், பத்து வாரத்தில். 1796-இல் வந்தது. அடுத்து அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார். ஒரு மக்கள் பிரதிநிதி இப்படியெல்லாம் எழுதலாமா என்று பெரிய ரகளை. பெற்றோர் தங்கள் பிள்ளை கையில் இதைக் கண்டால் முகம் வெளுத்துப்போவார்கள் என்று கவிஞர் கோல்ரிட்ஜ் மதிப்புரை எழுதினார். நான்காம் பதிப்பில் பல பகுதிகளை லூயிஸே வெட்டிச் சரிசெய்தார். மாட்ரிட் நகரமே கையெடுத்துக் கும்பிடுகிற துறவி ஆம்ப்ரோசியோ படிப்படியாகச் சறுக்கி அதலபாதாளத்துக்குப் போவதுதான் கதை. வேகம் அபாரம். இன்றைய வாசகர் சிரமமே இல்லாமல் படிக்கக்கூடிய நாவல் இந்தப் பட்டியலில் இதுதான். மாயக்கண்ணாடி, சாத்தான், ரத்தம் சொட்டும் கன்னியாஸ்திரீ ஆவி, எல்லாம் உண்டு; எதற்கும் விளக்கம் கிடையாது.

ஆனால் இதை யாருக்கும் சும்மா எடுத்துக் கொடுத்துவிட மாட்டேன். பெண்கள்மேல் நடக்கும் வன்முறையை, பாலியல் வன்முறை உட்பட, அந்த இளைஞர் ரசித்து எழுதியிருக்கிறார் என்ற உறுத்தல் எனக்கு ஒவ்வொரு தடவையும் வருகிறது. ஒரு கிளைக்கதை மட்டும் அதைத் தாண்டி நிற்கிறது. கர்ப்பமான குற்றத்துக்காக ஆக்னஸ் என்ற கன்னியாஸ்திரீயை மடத்தின் தலைவி நிலவறையில் அடைக்கிறாள். குழந்தை பிறந்து செத்துவிடுகிறது. அதைப் புதைக்க மனமில்லாமல் அழுகிப்போன பிறகும் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். லூயிஸ் இதைக் கோரத்துக்காகத்தான் எழுதத் தொடங்கியிருப்பார். ஆனால் ஆக்னஸ் தன் வாயாலேயே அதைச் சொல்லும்போது அது ஒரு தாயின் பேச்சாகிவிடுகிறது.

இந்த நாவல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கறை இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. கெட்டவன் எப்போதும் இத்தாலியன், ஸ்பானியன். மடம் என்றாலே சித்திரவதைக்கூடம். புராட்டஸ்டன்ட் இங்கிலாந்து கத்தோலிக்க நாடுகளைப் பற்றி வைத்திருந்த வெறுப்பை அப்படியே மூட்டை கட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். வேலைக்காரர்கள் எல்லாம் வளவளவென்று பேசிச் சிரிப்புக் காட்டுகிறவர்கள். இதைக் கவனித்துக்கொண்டே படிக்க வேண்டும்.

வில்லியம் பெக்ஃபோர்டின் ‘வாதெக்’ (1786) அரபுக் கதைச் சாயலில் எழுதியது. கடைசி இருபது பக்கத்தில் வரும் நரக மண்டபத்துக்காக மட்டும் படிக்கலாம். அங்கே ஓயாமல் நடந்துகொண்டிருக்கும் கூட்டம், ஒவ்வொருவர் கையும் நெஞ்சின் மேல், உள்ளே இதயம் எரிந்துகொண்டிருக்கிறது, யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. முந்தைய பக்கங்கள் எனக்கு ஒட்டவில்லை. கிளாரா ரீவ் நியாயமாகக் குறை சொன்னாரே தவிர, அவருடைய நாவல் சப்பென்று இருக்கிறது. லண்டனில் வில்லியம் லேன் நடத்திய மினர்வா பிரஸ் மூட்டை மூட்டையாக அச்சடித்து வாடகை நூலகங்களுக்கு அனுப்பிய கதைகளில் பெரும்பாலானவை ராட்க்ளிஃபின் நகல்கள்தான். ஜேன் ஆஸ்டின் ‘நார்த்தாங்கர் அபி’யில் ஒரு பாத்திரம் படபடவென்று ஏழு திகில் நாவல்களின் பெயரை அடுக்குவாள். அவை ஆஸ்டின் கற்பனையாக வைத்த பெயர்கள் என்றுதான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஏழும் உண்மையாகவே அச்சான புத்தகங்கள் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவானது. அவ்வளவு சுத்தமாக மறந்துபோயிருந்தன. அதே நாவலில் ஹென்றி டில்னி, ‘உடால்ஃபோ’வை இரண்டே நாளில், மயிர்க்கூச்செறிய முடித்தேன் என்பான். ஆஸ்டின் கேலி செய்தார் என்று மட்டும் சொல்கிறவர்கள் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

1816-க்குப் பிறகு வந்தவை வேறு தரம். 1818 ஜனவரி 1-இல் 500 பிரதியாக வந்த மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ பற்றிப் பரிந்து பேச வேண்டிய அவசியமே இல்லை. சினிமாவில் பார்த்த ஆணி அறைந்த பூதத்தை மறந்துவிட்டுப் படியுங்கள். நடுவில் அந்தப் பிறவி தன் கதையைத் தானே சொல்கிறது: ஒரு ஏழைக் குடும்பத்தை மரச்சுவரின் இடுக்கு வழியாக மாதக்கணக்கில் பார்த்து, பேச்சும் எழுத்தும் அன்பும் கற்றுக்கொண்டு, ஒரு நாள் தைரியம் வந்து அந்த வீட்டுக்குள் போகிறது. அந்த இடத்தை நான் வாசித்துக் காட்டியபோது எதிரில் இருந்தவர் எழுந்து சன்னலருகே போய் நின்றுகொண்டார். நாவலுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு, 1818, 1831. முதலாவதை எடுங்கள்; இரண்டாவதில் விக்டர் எல்லாவற்றுக்கும் விதியைக் காரணம் சொல்கிறான்.

சார்லஸ் மாட்யூரினின் ‘மெல்மாத்’ (1820) கதைக்குள் கதைக்குள் கதை, பெரிய புத்தகம். 150 வருட ஆயுளுக்காக ஆத்மாவை விற்றவன், தன் இடத்தை வாங்கிக்கொள்ள ஆள் தேடி அலைகிறான். அவன் தேடிப்போகிற இடங்களைக் கவனியுங்கள்: பைத்தியக்கார விடுதி, கத்தோலிக்க மத விசாரணைச் சிறை, பிள்ளைகள் பசியில் கிடக்கும் வீடு. ஹூக்ளி ஆற்றின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு தீவும் வருகிறது. மாட்யூரின் இந்தியாவைப் பார்க்காமலேயே எழுதியது, அந்தப் பகுதி தேறவில்லை. ஆனால் மடத்திலிருந்து சுரங்கப்பாதை வழியாகத் தப்பும் அத்தியாயம், இருட்டில், தகப்பனைக் கொன்றவனை மட்டும் துணையாக நம்பி நடக்கிற அந்த இரவு, இந்த வகை முழுவதிலும் எனக்கு மூச்சு முட்டிய இடம் அதுதான். ஜேம்ஸ் ஹாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1824-இல் பெயர் போடாமல் வெளியிட்ட ‘நியாயப்படுத்தப்பட்ட ஒரு பாவியின் வாக்குமூலம்’ இன்னும் நெருக்கம். தான் கடவுளால் தேர்ந்தெடுக்கப்பட்டவன், தான் செய்வது எதுவும் பாவமாகாது என்று நம்பும் இளைஞனிடம் ஒரு புதுச் சிநேகிதன் வந்து சேருகிறான். அந்த நம்பிக்கையோடு கொலைக்குக் கிளம்புகிறவர்களை நாம் இன்றும் செய்தியில் பார்க்கிறோம்.

இந்த மரபு நமக்கு முற்றிலும் அந்நியமும் இல்லை. கோட்டையை எடுத்துவிட்டு லண்டன் சந்துகளை வைத்து இதே மர்மத்தை வாராவாரம் தொடராக எழுதிக் குவித்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் ரேனால்ட்ஸ். இந்தியாவில் அவரை விழுந்து விழுந்து படித்தார்கள். ஆரணி குப்புசாமி முதலியார் அவரைத் தழுவித் தமிழில் எழுதினார். நம் தாத்தா காலத்து மர்ம நாவலின் ரகசிய அறைக்கும் மாறுவேடத்துக்கும் பாதி வேர் அங்கே இருக்கிறது.

எப்படிப் படிப்பது? ‘தி இத்தாலியன்’ முதலில். அடுத்து ‘ஃபிராங்கன்ஸ்டைன்’, ஹாக். அதன்பிறகு பொறுமை இருந்தால் ‘உடால்ஃபோ’, அப்புறம் ‘ஒட்ராண்டோ’வை மறுபடி எடுங்கள், இந்தத் தடவை தலைக்கவசம் தொந்தரவு செய்யாது. எல்லாமே காப்புரிமை தீர்ந்தவை, ‘ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்’ போன்ற இலவச மின்னூல் தளங்களில் தேடிப் பாருங்கள். பேருந்தில் நாலு பக்கம், சாப்பிடும்போது ரெண்டு பக்கம் என்று படித்தால் இவை ஒட்டாது. வாடகை நூலகத்திலிருந்து ஒரு பாகம் எடுத்துவந்து, மெழுகுவத்தி தீரும்வரை உட்கார்ந்து படித்தவர்களுக்காக எழுதியது. ராத்திரி வேலையெல்லாம் முடிந்த பிறகு, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கொடுங்கள். ஷெடோனியும் அந்த அம்மாளும் தேவாலயத்தில் பேச உட்காரும் அத்தியாயம் வரைக்கும் போய்ப் பாருங்கள். அங்கேயும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக மூடி வைத்துவிடலாம்.